நிரலும் சல்வீனியாவும் (கடிதமும் பதிலும்)

மதிப்புக்குரிய ரீச்சர் அவர்களுக்கு,

எனது சொந்த ஊர் நிலாவெளி. பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். என் அக்கா உயர்தரத்தில் உங்களிடம் தாவரவியல் படித்தவர். அவர் சொல்லித்தான் உங்கள் கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினேன்.

சென்ற மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். வெளியே எந்தக் கோப்பையும் திறந்து பார்க்காமல், தன்னுடைய வரிகளைத் தானே எழுத்துப் பிசகாமல் அச்சிடும் நிரல் ஒன்றை எழுத வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி முடித்தேன். அது திரையில் தன்னையே எழுதிக் காட்டியபோது என் கை நடுங்கியது. உயிர் என்றால் இவ்வளவுதானே என்று தோன்றியது. தன்னைத் தானே நகலெடுக்கும் ஒரு கட்டளைத் தொடர். மற்றவை எல்லாம் வெறும் பின்னணிதான்.

என் நிரலுக்கும் ஒரு பக்டீரியாவுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு? தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் இயந்திரங்களைச் சந்திரனுக்கு அனுப்பும் காலம் வருமா? செயற்கை நுண்ணறிவு தன்னை நகலெடுத்துப் பரவிவிடும் என்று என் நண்பர்கள் அஞ்சுகிறார்கள். நாம் அஞ்ச வேண்டுமா?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
நிலாவெளி மாணவன்

அன்புள்ள தம்பி,

கை நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர். அந்த ஒரு வரிக்காகவே உமக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பயிற்சியை முடித்துப் புள்ளியை வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும் பிள்ளைகளையே அதிகம் கண்டிருக்கிறேன். நீர் நின்று வியந்திருக்கிறீர். அந்த வியப்பை விட்டுவிடாதேயும். அதிலிருந்து நீர் எடுத்த முடிவைத்தான் விடச் சொல்லப்போகிறேன்.

வியப்புக்கு உரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உமது நிரலைத் திரும்ப எடுத்துப் பாரும். அதற்குள் ஒரு சரம், அதாவது எழுத்துகளின் தொடர், இருக்கும். நிரல் அந்தச் சரத்தை இரண்டு விதமாகக் கையாள்கிறது. ஒருமுறை கட்டளை வரிகளாக விரித்து அச்சிடுகிறது. மறுமுறை, அதன் பொருளைப் பாராமல், மேற்கோள் குறிகளுக்குள் அப்படியே வைத்து அச்சிடுகிறது. போதிய வலுவுள்ள எந்தக் கணினி மொழியிலும் இப்படி ஒரு நிரல் உண்டு என்பதற்கு ஸ்டீபன் கிளீனி 1938இல் தந்த தேற்றம் போதும். ஆனால் இந்த இரட்டை வேலையின் பெருமையை முழுதாகக் கண்டவர் கணித அறிஞர் ஜோன் வொன் நொய்மன். 1948இல் கலிபோர்னியாவின் பசதீனாவில் நடந்த கருத்தரங்கில் அவர் விளக்கினார்: தன்னைப் போன்ற இன்னொன்றை ஆக்கும் இயந்திரத்துக்குத் தன்னைப் பற்றிய விவரணம் ஒன்று வேண்டும், அதை வாசித்து உறுப்புகளைக் கட்டும் பகுதி வேண்டும், வாசிக்காமல் வெறுமனே பிரதி செய்து புதிய இயந்திரத்துக்குள் வைக்கும் பகுதியும் வேண்டும். உயிர்க்கலத்துக்குள் நடப்பதும் இதுதான். புரதம் ஆக்குவதற்காக டீ.என்.ஏ. வாசிக்கப்படுகிறது, கலம் பிரிவதற்காக, என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே அது பிரதி செய்யப்படுகிறது. வற்சனும் கிறிக்கும் டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டது 1953இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே ஒரு கணித அறிஞர் இந்த ஒழுங்கைச் சிந்தனையாலேயே எட்டிவிட்டார். உமது கை நடுங்கியதில் நியாயம் உண்டு.

அதே நொய்மனிடம் இன்னொன்றும் இருக்கிறது. அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நீரும் விட்டுவிட்டீர். அவருடைய இயந்திரம் வெற்றிடத்தில் நின்று பெருகவில்லை. வேண்டிய உறுப்புகள் எல்லாம் தாராளமாக மிதந்து திரியும் ஒரு தேக்கத்துக்குள் அதை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். அந்த உறுப்புகள் எங்கிருந்து வந்தன, யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று ஒரு கணித அறிஞர் கேட்கத் தேவையில்லை. நீர் கேட்டிருக்க வேண்டும். ‘மற்றவை எல்லாம் வெறும் பின்னணி’ என்று எழுதியது நீர். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

நிலாவெளியில் பிறந்த பிள்ளையா இதை எழுதுவது? உம் வீட்டுக் கரையில் நின்றால் புறாத்தீவு தெரியும். அங்குள்ள மான்கொம்புப் பவளத்தில் கடல் கொந்தளித்து ஒரு கிளை ஒடிந்தால், ஒடிந்த கிளை விழுந்த இடத்தில் பற்றிக்கொண்டு வளரும். அதுவும் தன்னை நகலெடுப்பதுதான். கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் சூடேறி நிற்கட்டும். பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவு ஊட்டும் நுண்பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளிறிவிடும், வெப்பம் நீடித்தால் இறந்துவிடும். கட்டளைத் தொடரில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.

உயிரின் இலக்கணம் பற்றிய விவாதத்துக்குள் நான் இறங்கப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நகலெடுப்பதுதான் உயிர் என்றால், பிள்ளை பெறாமலே என்னை வளர்த்து ஆளாக்கிய என் சின்னம்மா எந்தக் கணக்கில் வருவார்? பிள்ளை பெற்றவர்கள்கூடத் தங்களை நகலெடுத்ததில்லை. இருவர் பாதி பாதி கொடுத்து, இருவரையும் போலில்லாத மூன்றாமவரைப் பெறுகிறார்கள்.

சந்திரனையும் சுருக்கமாக முடித்துவிடுவோம். 1980இல் நாசா கூட்டிய ஆய்வுக்குழு, 100 தொன் எடையுள்ள தொழிற்சாலையை விதையாக இறக்கினால் அங்குள்ள மண்ணைக்கொண்டே அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும் என்று திட்டம் வரைந்தது. அது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ரப் முப்பரிமாண அச்சு இயந்திரம் தன் பிளாஸ்டிக் உறுப்புகளைத் தானே அச்சிடுகிறது. மோட்டரையும் உருக்குக் கம்பியையும் மின்சுற்றையும் கடையில் வாங்கி, ஒரு மனிதர் உட்கார்ந்து பூட்ட வேண்டும்.

இனி நான் பேச விரும்புவதற்கு வருகிறேன். அண்மையில் தம்பலகாமத்துக்குப் போயிருந்தேன். வயல் வாய்க்கால் ஒன்றில், மதகுக்குப் பின்னால் நீர் தேங்கும் இடத்தில், சல்வீனியா அடைந்து கிடந்தது. அன்றிலிருந்து எனக்கு அதே நினைவு. உமது கடிதம் அந்த வேளையில்தான் வந்தது.

சல்வீனியாவை நீர் கண்டிருப்பீர். பாசி என்று நினைத்துக் கடந்து போயிருப்பீர். அது மிதக்கும் பன்னம் (பெரணி). ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாரும். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு பச்சையாக மேலே மிதக்கும். மூன்றாவது இழை இழையாகப் பிரிந்து நீருக்குள் தொங்கும். பார்ப்பவர்கள் அதை வேர் என்பார்கள், உண்மையான வேர் அதற்குக் கிடையாது. மிதக்கும் இலையின் மேற்பரப்பு முழுவதும் மயிர்கள். கைவில்லை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் நான்காகக் கிளைத்து, நுனியில் மறுபடி ஒன்றுகூடி நிற்கும். நீரை ஊற்றினால் துளி உருண்டு ஓடிவிடும், இலை நனையாது. தொங்கும் இலையில், விதைக்குப் பதிலான வித்திகளைக் கொண்ட வித்திக் கனிகள் மணி மணியாகக் கோத்திருக்கும். அவற்றால் பயனில்லை. அதன் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 45, ஒன்பதின் ஐந்து மடங்கு. ஐந்து தொகுதிகள் ஒழுங்காகச் சோடி சேர முடியாமல், வித்திகளை ஆக்கும் ஒடுக்கற்பிரிவு குழம்பிவிடும். வித்தி முளைக்காது. அது ஒரு மலட்டுத் தாவரம். தண்டு ஒடிந்தால் ஒடிந்த துண்டு வளரும். அது ஒடிந்தால் அந்தத் துண்டும் வளரும். தென்கிழக்குப் பிரேசிலுக்கு உரியது, தாவரவியல் கற்பித்தலுக்காக 1939இல் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து தப்பி, நாடெங்கும் குளங்களிலும் வயல்களிலும் பரவியது.

உமது இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உயிர் கிடையாது, தம்பி. விதையில்லை, கலப்பில்லை, தன்னையே திரும்பத் திரும்ப ஆக்கிக்கொண்டிருக்கிறது. அது என் அப்பாவின் வயலில் எப்படிப் பெருகியது என்று சொல்கிறேன், கேளும்.

எங்கள் வயல் கந்தளாய்க் குளத்து நீரில் விளைந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, மாரி ஓய்ந்து வெயில் ஏறும் நாட்களில் வாய்க்காலில் நீரே தெரியாது. அப்பாவும் பெரியப்பாவும் வைக்கோற் கயிற்றைக் குறுக்கே பிடித்து இழுத்து, சல்வீனியாவை ஒரு மூலைக்கு ஒதுக்குவார்கள். நாங்கள் கடகத்தில் அள்ளி வரம்பில் குவிப்போம். குவியலின் மேற்புறம் காய்ந்து கறுத்துவிடும். உள்ளே கையை விட்டால் ஈரமும் பச்சையுமாக இருக்கும். ஒரு மழைக்குக் குவியல் சரிந்தால் அத்தனையும் மறுபடி நீருக்குள். கோபத்தில் மண்வெட்டியால் கொத்துவோம். ‘கொத்தாதே, அள்ளு’ என்று அப்பா அதட்டுவார்.

அது எங்கே செழித்தது தெரியுமா? யூரியா எறிந்த வயல்களின் கழிவுநீர் வந்து சேரும் மூலையில். ஓட்டமுள்ள இடத்தில் அதற்கு நிலையில்லை. மதகு பழுதாகி நீர் தேங்கிய இடத்தில் குடியேறியது. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு உழவு இயந்திரத்தின் சில்லில் ஒட்டிப் போனது, எருமையின் காலில் போனது, எங்கள் கடகத்தின் பின்னல் இடுக்கிலும் போனது. யார் வயலிலிருந்து வந்தது என்று வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானைக்கு முன்னால் வாக்குவாதம் நடக்கும். மேல்வயற்காரர் மதகைத் திருத்தவில்லை என்று அப்பா சொல்வார். கீழ்வயற்காரர் வாய்க்காலைத் துப்புரவாக்கவில்லை என்று அவர் சொல்வார். அந்தப் பெரியவர்களுக்கு நிறமூர்த்தம் தெரியாது. உரம், மதகு, சில்லு, கடகம் என்றே பேசினார்கள். அவர்கள் பிடித்த இடம் சரியான இடம். அத்தனையையும்தான் நீர் பின்னணி என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டீர்.

பிறகு வண்டு வந்தது. அதன் கதையையும் நீர் அறிய வேண்டும். தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இந்தத் தாவரத்தை வேறொரு சல்வீனியா இனம் என்று எண்ணி, அந்த இனத்தின் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1972இல்தான் இது தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. பின்னர் பிரேசிலில் அதன் தாயகத்தைக் கண்டுபிடித்து, அங்கே அதைத் தின்று வாழும் இரண்டு மில்லிமீற்றர் அளவேயான கறுப்புக் கூன்வண்டை எடுத்து வந்து, 1980இல் அவுஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஏரி தெளிந்தது. 1980களின் பிற்பகுதியில் இலங்கையிலும் அதே வண்டு விடப்பட்டது. பப்புவா நியூ கினியில் மட்டும் முதலில் வண்டு நிலைக்கவில்லை. அங்குள்ள சல்வீனியாவில் நைதரசன் குறைவு. அதைத் தின்ற வண்டுகளால் பெருக முடியவில்லை. ஆகவே களைக்கு யூரியா இட்டார்கள். களை ஊட்டம் பெற்றது. அதைத் தின்று வண்டு பெருகியது. பெருகிய வண்டு களையை அழித்தது. நகலெடுக்கும் இரண்டு உயிர்கள், அவற்றில் எது பெருகும் எது அழியும் என்று தீர்த்தது நீரிலிருந்த நைதரசன்.

இன்னும் நம்பிக்கை வராவிட்டால், உயிரியலாளர் சோல் ஸ்பீகல்மனும் அவருடைய குழுவினரும் 1967இல் வெளியிட்ட பரிசோதனையைத் தேடிப் படியும். பக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.யை எடுத்து, பிரதி செய்யும் நொதியத்தையும் மூலப்பொருட்களையும் பரிசோதனைக் குழாயில் தயாராகக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் ஒரு துளியை அடுத்த குழாய்க்கு மாற்றினார்கள், அதிலிருந்து அடுத்ததற்கு. விரைவாகப் பிரதியானதே முன்னேறிச் சென்றது. 74ஆவது மாற்றத்தில் அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 விழுக்காட்டை உதறிவிட்டிருந்தது. முன்னிலும் வேகமாகப் பிரதியானது. பக்டீரியாவைத் தாக்கும் ஆற்றல் போய்விட்டது. நொதியத்தை வேறு யாரோ தந்துகொண்டிருக்கும்வரை அது வாழும். நீர் வியந்த அந்தக் கட்டளைத் தொடரை மட்டும் தனியே உரித்தெடுத்தால் கிடைப்பது இந்தக் குறுகிய இழைதான்.

மூன்றாவது கேள்வியை மறந்துவிடவில்லை. 1988 நவம்பர் 2ஆம் திகதி இணையத்தில் பரவிய புழு நிரலைப் பற்றிப் படித்திருப்பீர். எழுதியவரும் உம்மைப் போல ஒரு மாணவர். அஞ்சல் நிரலில் யாரோ திறந்துவிட்ட ஒரு வசதி, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்கள், ஒரே வகையான இயங்குதளம் ஓடும் கணினிகள், இவை இருந்ததால் அது பரவியது. ஏற்கெனவே தொற்றிய கணினியிலும் ஏழில் ஒரு தடவை மறுபடி குடியேறும்படி எழுதியிருந்ததால் கணினிகள் மூச்சுத் திணறின. செயற்கை நுண்ணறிவு விடயத்திலும் கேள்வி இதுவே. ஒரு கோப்பைப் பிரதி செய்வது எந்த நிரலாலும் முடியும். அந்தப் பிரதி ஓடுவதற்கு வலுவான செயலிச் சில்லுகளும் மின்சாரமும் குளிரூட்டலும், அவற்றுக்குக் கட்டணம் கட்டும் ஒரு கணக்கும் வேண்டும். அந்த மதகு யார் கையில் இருக்கிறது, திறந்து வைப்பதால் யாருக்கு ஆதாயம் என்று உம் நண்பர்களைக் கேட்கச் சொல்லும். அஞ்ச வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் அப்பா சல்வீனியாவுக்கு அஞ்சினார். அதனால்தான் ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தார்.

உமக்கு ஒரு வேலை தருகிறேன். உமது நிரல் அந்த இரவு ஓடுவதற்கு என்னென்ன தேவைப்பட்டன என்று பட்டியல் எழுதும். தொகுப்பி, இயங்குதளம் என்று இரண்டோடு நிறுத்திவிடக் கூடாது; சுவரிலிருந்த மின்செருகி வரைக்கும், அதற்கு அப்பாலும் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை யார் ஆக்கினார் என்றும், அது நின்றால் நிரலுக்கு என்ன ஆகும் என்றும் எழுதும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவாரும், தம்பலகாமத்துக்குப் போவோம். கைவில்லை என்னிடம் இருக்கிறது. சல்வீனியாவைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வாய்க்காலுக்குள் திருப்பி எறிய விடமாட்டேன். நீருக்குத் தூரமாகக் கொண்டுபோய், வெயிலில் கொதிக்கும் தார் வீதியில் தனித்தனியாகப் பரப்பிக் காய வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறலாம்.

அன்புடன்,
ரீச்சர்