பொத்தானை அழுத்திய பிறகு?

கேள்வி: 150 பேர் இருக்கும் விரிவுரையில் கைபேசி வழியே பதில் சொல்ல வைக்கிறேன். முதல் வாரம் உற்சாகம். இப்போது அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே?

பதில்: கேள்வியை மாற்றிப் பாருங்கள். நானும் முதலில் சூத்திரங்களைத்தான் கேட்டேன். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள், பேச எதுவுமில்லை. அப்புறம், 'மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கம் எவ்வளவு?' என்றேன். பாதிப் பேர் சுழியம் என்றார்கள், அது தவறு. விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொன்னேன். வகுப்பே இரைந்தது! மறு வாக்கெடுப்பில் பெரும்பாலோர் சரியான விடைக்கு வந்திருந்தார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் விவாதிக்க விடுங்கள். அதற்கும் குறைந்தால் நீங்களே மறுபடி விளக்குங்கள். விவாதத்துக்கு முன் முதல் வாக்கு முடிவைத் திரையில் காட்டாதீர்கள், கூட்டம் போகும் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.