மனைவி ஊரில் நிலம் வாங்கலாமா? சுண்டா கிராமத்து நிலமும் நடைமுறையும்

கேள்வி: இந்தோனேசியாவின் பூர்வகர்த்தாவில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். இந்தியக் குடிமகன். மனைவி சுமெடாங் மாவட்டத்து மலைக்கிராமத்துப் பெண், சுண்டா இனத்தவர், இந்தோனேசியக் குடிமகள். நிக்காஹ் ஆகி ஆறு வருடம்; ஒரு பெண் குழந்தை. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊரிலேயே தங்கிவிட எண்ணம். மனைவியின் மாமா 100 தும்பாக் வயலையும், பழைய வீட்டோடு 20 தும்பாக் மனையையும் விற்கத் தயாராக இருக்கிறார். அவரிடம் இருப்பது கிக்கிதிர் என்ற பழைய வரிச்சீட்டு மட்டும்தான். சிசும்டாவு சுங்கச்சாலை வந்துவிட்டதால் விலை ஏறும் என்கிறார். வாங்கலாமா? அங்கே காலம் தள்ள முடியுமா?

பதில்: மனை சரி, வயல் வேண்டாம். விலை ஏறும் என்ற பேச்சை நம்பி இரண்டில் எதையும் வாங்காதீர்கள்.

முதலில் அளவு. ஒரு தும்பாக் என்பது ஏறக்குறைய 14 சதுர மீட்டர். நம் கணக்கில் மூன்று தும்பாக் சேர்ந்தால் ஒரு சென்ட். ஆக, வயல் சுமார் 35 சென்ட், மனை 7 சென்ட்.

இனி யார் பெயரில் என்பது. உங்கள் பெயரில் முடியாது, சுற்றி வளைத்தும் முடியாது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் நிலச் சட்டப்படி ஹக் மிலிக் எனும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவர் பணம் போட்டு உள்ளூர்க்காரர் பெயரில் எழுதிக்கொள்ளும் பினாமி ஏற்பாடு செல்லாது என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது. வெளிநாட்டவருக்கு ஹக் பக்காய் என்ற பயன்பாட்டு உரிமை உண்டு. ஆனால் அதில் வீடு வாங்க அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை பெருநகரத்துப் பங்களாக்களுக்கானது. உங்கள் மாமா வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, மனைவி பெயரில்? இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். திருமணத்துக்குப் பின் வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்கிறது 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. பொதுச் சொத்து என்றால் அதில் வெளிநாட்டவரான உங்களுக்கும் பாதி. அதனால் பத்திரம் எழுதும் அலுவலர் கையெழுத்துப் போடத் தயங்குவார். ஜப்பானியரை மணந்த ஓர் இந்தோனேசியப் பெண் இதே காரணத்தால் அடுக்குமாடி வீடு வாங்க முடியாமல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். 2016இல் வந்த அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்புதான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; இப்போதும் எழுதலாம். நோட்டரியிடம் எழுதி, உங்கள் நிக்காஹ் பதிவான மத விவகார அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதே 35ஆம் பிரிவில் உங்களுக்குச் சாதகமான வரி ஒன்றும் இருக்கிறது. பரம்பரையாகவோ அன்பளிப்பாகவோ வந்தது அவரவர் தனிச்சொத்து. மாமா விற்கும் மனை உண்மையில் தாத்தா பெயரில் இருந்து இன்னும் பாகம் பிரிக்காதது என்றால், உங்கள் மாமியாருக்கும் அதில் பங்கு இருக்கலாம். அந்தப் பங்கு முறைப்படி மகளுக்கு வந்தால் அதற்கு விலையும் இல்லை, பொதுச் சொத்துச் சிக்கலும் இல்லை. கிராம அலுவலகத்தில் ‘லெட்டர் சே’ என்று ஒரு பேரேடு வைத்திருப்பார்கள். கிக்கிதிரில் உள்ள எண்ணை வைத்து அதில் யார் பெயர் என்று பாருங்கள். தாத்தா பெயர் இருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். சவுதியிலோ தைவானிலோ வீட்டுவேலைக்குப் போன சித்தி உட்பட. சுண்டா ஊர்களில் நிலத் தகராறுகள் பல இந்தப் பிரிக்காத பாகத்தில் தொடங்குபவைதான்.

கிக்கிதிர் நம் ஊர் பட்டா மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெறும் கிஸ்தி ரசீதுதான் அது. 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசு ஒழுங்குமுறை இத்தகைய பழைய சீட்டுகளைப் பதிவு செய்ய 5 ஆண்டு கெடு கொடுத்தது. 2026 பிப்ரவரி 2 வரை. அதற்குப் பிறகு அது உரிமைச் சான்று அல்ல, விசாரணைக்கு உதவும் தடயம் மட்டுமே. ஆகவே மாமா முதலில் தன் பெயரில் சான்றிதழ் எடுக்கட்டும். 2017 முதல் ஊர் ஊராக நிலங்களை அளந்து பதிந்து சான்றிதழ் தரும் பி.டி.எஸ்.எல் என்ற அரசுத் திட்டத்தில் அந்தக் கிராமம் வந்துவிட்டதா என்று கிராமத் தலைவரிடம் கேட்டால் தெரியும். வந்திருந்தும் இந்த மனைக்கு மட்டும் சான்றிதழ் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. மெத்தராய் எனும் பத்தாயிரம் ரூபியா முத்திரை வில்லை ஒட்டிய ரசீதில் முடித்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள்.

வயலை ஏன் வேண்டாம் என்கிறேன்? விவசாய நிலத்தின் உரிமையாளர் அதே வட்டத்தில், அதாவது கெச்சமத்தானில், குடியிருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் 224ஆம் எண் ஒழுங்குமுறை சொல்கிறது. உங்கள் மனைவி இருப்பது பூர்வகர்த்தாவில். அடையாள அட்டையை மட்டும் ஊர் விலாசத்தில் வைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் ஏராளம், யாரும் கண்டுகொள்வதும் குறைவு. ஆனால் நாளைக்குப் பங்காளிச் சண்டை என்று வந்தால் எதிராளி முதலில் எடுப்பது இதைத்தான்.

வருமானமும் பெரிதில்லை. எக்டேருக்கு ஐந்தரை டன் என்று வைத்தால் உங்கள் 35 சென்ட்டில் ஒரு போகத்துக்கு 770 கிலோ நெல். மாரோ எனப்படும் பாதிக்குப் பாதி குத்தகைக்கு விட்டால் உங்கள் பங்கு 385 கிலோ, அரிசியாக 240 கிலோ சொச்சம். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும், முதலீட்டுக்கு ஆகாது. பிற்பாடு மனையாக மாற்றி விற்கலாம் என்ற யோசனையும் எடுபடாது. மேற்கு ஜாவாவில் பாதுகாக்கப்பட்ட நெல்வயல் வரைபடம் 2021 முதல் அமலில் இருக்கிறது. அதற்குள் வரும் வயலில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது மகா கஷ்டம்.

விலை ஏறுமா? சிசும்டாவு 2023 ஜூலையில் முழுதாகத் திறந்தது, கெர்த்தஜாதி விமான நிலையமும் கிட்டே வந்துவிட்டது, எல்லாம் உண்மை. ஆனால் இப்படியான சாலையால் விலை ஏறுவது இறங்கும் வாயிலைச் சுற்றித்தான். அங்கிருந்து முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து ஏறும் மலைக்கிராமத்தில் மனை வாங்க வருகிறவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர், இல்லையென்றால் வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பும் ஊர்க்காரர். இளைஞர்கள் பண்டுங், ஜகார்த்தா என்று கிளம்பிவிடுகிறார்கள். விற்க நினைத்தால் ஆள் கிடைக்கவே வருடக்கணக்காகும்.

நிலத்தை நேரில் பார்க்க மழைக்காலத்தில் போங்கள், ஜனவரி நல்லது. 2021 ஜனவரி 9 அன்று இதே சுமெடாங்கின் சிமங்குங் வட்டத்தில் மலைச்சரிவு சரிந்து 40 பேர் இறந்தார்கள். முதல் சரிவில் சிக்கியவர்களை மீட்கப் போனவர்கள் மீதே இரண்டாவது சரிவு விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் ஏறிப் பாருங்கள். மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கின்றனவா? பிறை வடிவில் நிலம் வெடித்திருக்கிறதா? சரிவின் மேல்பக்கம் யாருடைய பாலோங் இருக்கிறது? அது மீன்குளம், சுண்டா வீடுகளில் அநேகமாக இருக்கும், கெண்டையும் திலேப்பியாவும் வளர்ப்பார்கள். மேட்டில் இருந்தால் அதன் கசிவு வருடம் முழுக்க மண்ணை ஊறவைக்கும். இதில் ஒன்று தென்பட்டாலும் மனையையும் விட்டுவிடலாம்.

காலம் தள்ள முடியுமா என்றால், முடியும், உங்களுக்கு ஊரோடு ஒட்டத் தெரிந்தால். போனவுடன் பா(க்) ஆர்.டி.யைப் போய்ப் பாருங்கள்; தெருப் பொறுப்பாளர் அவர்தான், ஊர் உங்களை ஏற்றுக்கொள்வது அவர் வாசலில் தொடங்குகிறது. ராத்திரிக் காவல் முறை வந்தால் போய் உட்காருங்கள், காசு கொடுத்து ஆள் வைக்காதீர்கள். கல்யாணம், கத்னா எனும் சுன்னத் விசேஷம் எதையும் தவறவிடாதீர்கள். பக்கத்து சுபாங் மாவட்டத்தில் கந்தங்கான் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அரிசியும் பணமும் கொண்டுபோவார்கள், நோட்டில் எழுதுவார்கள், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அதே அளவு திருப்புவார்கள். மொய் எழுதிப் பழகியவருக்கு விளக்கம் தேவையில்லை. வாழை இலையைத் தரையில் விரித்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் லிவெத் விருந்தும் உங்களுக்கு அந்நியமாகத் தெரியாது. சம்பல் காரம் போதும், ஆனால் பக்கத்தில் பச்சையாக வைக்கும் கத்தரிக்காய்க்குப் பழக நாளாகும்.

வயதான காலத்தில் உறுத்தப்போவது மருத்துவம். வட்டத்தில் புஸ்கெஸ்மாஸ் என்ற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். இருதயம், சிறுநீரகம் என்றால் பண்டுங்தான். இரவில் ஒருமுறை அந்த வழியில் கார் ஓட்டி நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தங்கும் அனுமதி பெரிய சிக்கல் இல்லை. திருமணமாகி இரண்டு ஆண்டு தாண்டியவருக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதியான கிதாப் கேட்க வழி உண்டு.

ஒன்றை மட்டும் இப்போதே பேசி வையுங்கள். மனைவி உங்களுக்கு முன் காலமானால், வாரிசாக உங்களுக்கு வரும் பங்கை ஓராண்டுக்குள் நீங்கள் கைமாற்றியாக வேண்டும். மகள் இந்தோனேசியக் குடியுரிமையை வைத்திருந்தால் நிலம் அவளிடம் நிற்கும். இரட்டைக் குடியுரிமைக் குழந்தை 18 வயதுக்குப் பின், 21க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியா தன் பங்குக்கு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, எனவே அவளுக்கு இந்திய பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று யோசிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கில், வாங்குபவர் வரி 5 சதவீதம், அதுவும் குறிப்பிட்ட தொகையைக் கழித்த பிறகு. விற்பவர் வரி இரண்டரை சதவீதம். மாமா தன் வரியையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார், அங்கே அது சகஜம். விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசி, சான்றிதழ் கைக்கு வரும்வரை முன்பணத்தைச் சின்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.