பட்டில் கோமாச்சி: முகத்துக் கறையைத் துடைக்கலாமா?

கேள்வி: ஜப்பானில் வேலை பார்த்தபோது நண்பர் ஒருவர் பட்டுச் சுருள் ஓவியம் பரிசளித்தார். ஜப்பானியப் பெண் ஓவியர் உவேமுரா ஷோயென் வரைந்த ‘ஏடு கழுவும் கோமாச்சி’ என்றார். இப்போது முகத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துள்ளன. ஈரத்துணியால் துடைக்கலாமா? இது அசல்தானா?

பதில்: முதலில் துணியைக் கீழே வையுங்கள். இவ்வகைப் படங்களில் முகத்தின் வெண்மை சிப்பி ஓட்டுப் பொடியால் வருவது. ‘கோஃபுன்’ என்பார்கள். அதை வஜ்ஜிரம் என்னும் விலங்குப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். வஜ்ஜிரம் தண்ணீரில் இளகும். கறை போகுமுன் கன்னமே போய்விடும். பட்டின் பின்னால் ஒட்டிய தாளும் மாவுப் பசையில்தான் நிற்கிறது. ஈரம் பட்டால் அது உப்பிச் சுருங்கும்.

ஷோயென் 1937இல் தீட்டிய அசல் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உங்களுடையது அதே காட்சியானால் அச்சாகவோ கைப்பிரதியாகவோதான் இருக்கும். கன்னத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நுண்புள்ளிகள் சீராக அணிவகுத்திருந்தால் அச்சு. பட்டிழைகளின் மேல் நிறம் பொடிப்பொடியாகப் படிந்திருந்தால் ஒருவர் உட்கார்ந்து கையால் தீட்டியது. அந்த உழைப்புக்கும் மரியாதை உண்டு.

படத்தின் கதையும் தெரிந்திருக்கட்டும். கோமாச்சி 9ஆம் நூற்றாண்டுப் பெண் கவி. ‘நோ’ என்னும் ஜப்பானிய முகமூடி நாடகத்தில், அரண்மனைக் கவிதைப் போட்டிக்கு முந்தைய இரவு அவள் பாட்டை ஒட்டுக்கேட்கிறான் போட்டியாளன் குரோநுஷி. அதை ‘மன்யோஷூ’ என்ற பழைய கவிதைத் தொகுப்பின் ஏட்டில் எழுதிவைத்து, மறுநாள் சபையில் அவள் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டுகிறான். அவள் ஏட்டைக் கழுவுகிறாள். பழைய மை அப்படியே நிற்க, புது மை மட்டும் கரைந்தோடுகிறது. மேடையில் கோமாச்சிக்கு முகமூடி. ஷோயெனோ அந்த இடத்தில் உயிருள்ள பெண்ணின் முகத்தை வைத்தார். என்னைக் கேட்டால் ஓவியத்தின் உயிரே அந்த முகம்தான். அங்கே கைவைக்காதீர்கள் என்று மன்றாடுவது அதனால்தான்.

புள்ளிகள் பெரும்பாலும் ஈரக்கசிவால் வருபவை. தாள், பட்டு ஓவியங்களைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெண்மை செதிலாக உரிந்திருந்தால் சுருட்டவே வேண்டாம். தட்டையாகக் கிடத்தியே கொண்டுபோங்கள். உரியவில்லையென்றால், நல்ல வறண்ட நாட்களில் சில வாரம் மட்டும், வெயில் படாத சுவரில் மாட்டலாம். பிறகு தளர்வாகச் சுருட்டி மரப்பெட்டியில் வையுங்கள். சுருளின் உருளைக்கு மேல் பொருத்தும் தடித்த மர உறை ஒன்று உண்டு. அது கிடைத்தால் வாங்கிவிடுங்கள். சுற்று பெரிதாவதால் முகத்தின் குறுக்கே மடிப்பு விழாது.