போர்ஃபிமர் ஊசிக்குப் பிறகு இருட்டறை வேண்டாம்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு போர்ஃபிமர் (ஒளி பட்டால் செயல்படும் மருந்து) ஊசியும் அதைத் தூண்டும் லேசரும் முடிந்த அப்பாவை ஒரு வாரமாக இருட்டறையில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே அவரை வெளியே கூடத்துக்கு அழைத்து வாருங்கள். தோலில் தங்கியிருக்கும் மருந்தை வீட்டின் சாதாரண வெளிச்சம்தான் மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும். இருட்டில் வைத்தால் அது அப்படியே இருக்கும், தோலும் கண்ணும் வெளிச்சத்துக்குக் கூசும் காலமும் நீளும்.

தவிர்க்க வேண்டியது நேரடி வெயில். ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள். ஜன்னல் வழியே விழும் வெயிலும் அதில் சேர்த்தி. பல் மருத்துவரின் விளக்கு, மூடியில்லாத பல்பு பக்கத்தில் உட்காருவது இவையும் கூடாது. சன்ஸ்கிரீனை நம்பாதீர்கள், அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. முழுக்கை சட்டை, தொப்பி, நல்ல அடர்த்தியான கறுப்புக் கண்ணாடிதான் பாதுகாப்பு.

30 நாள் ஆனதும் உடனே வெயிலில் விட்டுவிடாதீர்கள். கையில் சின்ன இடத்தில் மட்டும் 10 நிமிடம் வெயில் படட்டும் (முகத்தில் வேண்டாம்). 24 மணி நேரத்தில் சிவப்பு, வீக்கம், கொப்புளம் எதுவும் வரவில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகலாம். வந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள்.

அப்புறம், நெஞ்சுவலியோ விழுங்குவதில் புதிதாகச் சிரமமோ இருந்தால் சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.