நரம்பில் குமிழி ஏற்றினால் ஸ்கேன் எப்படித் தெளிவாகும்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மகன் கேட்கிறார்: "அம்மாவுக்கு 62 வயது. கல்லீரலில் ஒரு கட்டி தெரிகிறது. கிட்னி பலவீனம் என்பதால் சிடி வேண்டாம், கோயமுத்தூர் போய்க் குமிழி மருந்து ஏற்றி அல்ட்ராசவுண்ட் எடுங்கள் என்கிறார் டாக்டர். காற்று இருந்தால் படம் வராது என்றுதானே ஜெல் தடவுகிறார்கள்? நரம்பில் காற்று ஏறினால் ஆபத்தில்லையா?"

இரண்டுமே நியாயமான கேள்விகளுங்க.

தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இருந்தால் அது சுவர்போல ஒலியைத் திருப்பிவிடும். குமிழி அப்படியல்ல. அதன் குறுக்களவு சராசரியாக 2.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ரத்தச் சிவப்பணுவில் மூன்றில் ஒரு பங்குதான். ஸ்கேன் அலையின் நீளமோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய அலையைக் குமிழியால் மறிக்க முடியாது. அலை அழுத்தினால் சுருங்கும், விட்டால் உப்பும், நொடிக்கு 30 லட்சம் முறை. சுருங்குவதைவிட உப்புவது அதற்குச் சுலபம். அந்த ஏற்றத்தாழ்வால், 3 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 லட்சம் அதிர்வில், ஒலி அனுப்பினால் 6-லும் சேர்த்தே பதில் தரும். சதையோ வந்த அலையைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பும். மெஷின் ஓர் அலையையும் அதன் தலைகீழ் அலையையும் அடுத்தடுத்து அனுப்பி எதிரொலிகளைக் கூட்டும்போது சதையின் ஒலி அழிந்து, குமிழியின் ஒலி மட்டும் மிஞ்சும்.

ஒலியின் வேகம் மாறி, படம் இடம் தப்பாதா? உடம்பில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று வைத்தே மெஷின் ஆழத்தைக் கணக்கிடுகிறது. குமிழி கலந்த ரத்தத்தில் அது மாறும்தான், ஆனால் இந்த அளவில் பொருட்படுத்த வேண்டியதில்லை. டோஸ் கூடினால்தான் தொல்லை: முன்னால் உள்ள குமிழிகளே ஒலியை விழுங்கிவிட, பின்னால் நிழல் விழும்.

வழக்கமான மருந்து வெள்ளைப் பொடி. சலைன் விட்டுக் குலுக்கினால் பால்போல ஆகிவிடும். கல்லீரலுக்கு 2.4 மில்லி போதும். அதில் உள்ள சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு, ஒரு சொட்டுத் தண்ணீரில் பாதிகூட வராது. அது கிட்னிக்குப் போவதில்லை. கால் மணி நேரத்தில் மூச்சோடு வெளியேறிவிடும்.

திரையில் ஒரு பாதி முதலில் கன்னங்கரேலென்று இருக்கும். 10-20 நொடியில் தமனி மினுங்கும். கட்டி ஓரத்திலிருந்து உள்நோக்கித் திட்டுத்திட்டாக நிறைந்தால் பெரும்பாலும் ஹெமாஞ்சியோமா, அதாவது புற்றுநோய் அல்லாத ரத்தக்குழாய்க் கட்டி, பயமில்லை. சட்டென்று பளிச்சிட்டு அப்புறம் மெல்ல மங்கினால் புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும்.

ஒவ்வாமை அபூர்வம், ஆனால் உண்டு. பாலிஎதிலீன் கிளைக்கால் கலந்த பேதி மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்தாலோ, ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். கிட்னியை நினைத்து மட்டும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.