"பெரியவனானா என்ன ஆவ?"ன்னு கேட்டா பிள்ளைங்க ஏன் மாத்தி மாத்தி சொல்றாங்க?

பிள்ளைங்களோட தொழில் கனவுங்கறது, கண்ணு முன்னாடி தெரியிற பெரியவங்கள்ல யார் மாதிரி இருக்க ஆசைன்னு அவங்க சொல்றதுதான், அவ்வளவு சிம்பிள். நாலு வயசுப் பையன் பழைய நோட்டுத் தாளை கிழிச்சு டிக்கெட்டு குடுத்து வாயாலயே விசில் ஊதுறான்னா அவனுக்கு கண்டக்டர் சம்பளம் பத்தி ஒண்ணும் தெரியாது, அவர் விசில் அடிச்சா அவ்வளவு பெரிய பஸ்ஸே நிக்குதுங்கறது மட்டும்தான் தெரியும்.

ஏன் மாறுதுன்னா, லிண்டா காட்ஃப்ரெட்சன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1981ல இதுக்கு ஒரு விளக்கம் குடுத்தாங்க. 3லேர்ந்து 5 வயசு வரைக்கும் பெருசு, பலம் இதுதான் கண்ணுல படும், 6லேர்ந்து 8க்குள்ள இது ஆம்பள வேலை இது பொம்பள வேலைன்னு பிரிக்க ஆரம்பிச்சிடுறாங்க, 9லேர்ந்து 13ல எந்த வேலைக்கு ஊர்ல மதிப்புன்னு பாக்குறாங்க, 14 வாக்குலதான் "எனக்கு எது புடிக்கும்"ங்கற கேள்வியே வருது. எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் இதுதான், தனக்கு புடிச்சது என்னன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு மெக்கானிக் வேலைய மனசுலேர்ந்து அழிச்சிருப்பா, அதுவும் நாம சும்மா சொன்ன ஒரு வார்த்தையால.

ஜவுளிக்கடையில புடவைய ஒவ்வொண்ணா தோள்ல போட்டு கண்ணாடி பாக்குறோம்ல, அந்த மாதிரிதான் பிள்ளைங்க ஆசைய மாத்தி மாத்தி சொல்றதும், போட்டுப் பாத்ததையெல்லாம் வாங்கிடுறதில்லையே.

அதனால மாத்தி மாத்தி சொல்ற பிள்ளைய "இதுக்கு ஒண்ணுலயும் நிலையில்ல"ன்னு சொல்றது தப்பான புரிதல், அந்த வயசுல அது வழக்கமா நடக்குறதுதான்.