தூக்க ஊசியில இருக்கிற திரவம் கிட்னியைப் பாதிக்குமா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 42 வயசு, பல வருஷக் குடி. திடீர்னு நிறுத்தினதும் நடுக்கம், பினாத்தல், வலிப்புன்னு ஆகி ஐசியூல சேர்த்தோம். நாலு நாளா லோராசெபாம்ங்கற தூக்க மருந்து டிரிப்ஸ், மணிக்கு 10 மில்லிகிராம் ஓடுச்சு. இப்ப ரத்தத்துல ஆசிட், கிட்னி வெளியேத்தற கழிவான கிரியேட்டினின் ரெண்டும் ஏறிடுச்சு, மருந்தைக் கரைச்சிருக்கிற திரவம்தான் காரணம்னு சந்தேகப்படுறோம், டயாலிசிஸ் பண்ணணும்ங்கறாங்க. இருமல் சிரப்புல குழந்தைங்க செத்தாங்களே, அதே விஷமா?
வாசகி, திருச்சி

பதில்: அது வேறம்மா. 2022-ல காம்பியாவுல சிரப்புல இருந்தது டைஎத்திலீன் கிளைகோலும் எத்திலீன் கிளைகோலும், மருந்துல இருக்கவே கூடாத சமாச்சாரம். இங்க பேசறது புரோப்பிலீன் கிளைகோல். லோராசெபாம் தண்ணில சரியா கரையாது, அதனால ஊசி மருந்துல சுமார் 80 சதவீதம் இந்தத் திரவம்தான், அனுமதிச்சதுதான். ஒண்ணு ரெண்டு ஊசின்னா கல்லீரல் பாதிக்கு மேல லாக்டிக் ஆசிடா மாத்திடும், மிச்சம் யூரின்ல போயிடும். ஆனா மணிக்கு 10 மில்லிகிராம்னா 5 மில்லி, நாள் பூரா ஓடினா திரவம் மட்டுமே கிட்டத்தட்ட 100 கிராம் உள்ள போகுது. சாப்பாட்டுல ஏத்துக்கிட்ட அளவு 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம்தான்!

கஷ்டம் என்னன்னா ஆசிட் ஏறுறது, பிரஷர் இறங்குறது, கிட்னி மந்தமாகறது எல்லாம் ரத்தத்துல கிருமி பரவின மாதிரியே இருக்கும், ஆன்டிபயாடிக்கை மாத்திட்டு டிரிப்ஸை அப்படியே விட்டுடுவாங்க, நோயாளி துள்ளினா டோஸையும் ஏத்துவாங்க. இதைப் பிடிக்கிறது ஆஸ்மோலாலிட்டி டெஸ்ட், அதாவது ரத்தத்துல கரைஞ்சிருக்கிற பொருளோட மொத்த அளவை மெஷின்ல பாக்கறது. சோடியத்தை 2-ஆல பெருக்கி, சர்க்கரையை 18-ஆலயும் நம்ம லேப் குடுக்கிற யூரியாவை 6-ஆலயும் வகுத்து, மூணையும் கூட்டினா ஒரு கணக்கு வரும். மெஷின் காட்டுறது அதைவிட 10, 12-க்கு மேல இருந்தா சந்தேகப்படணும். குடிச்ச சாராயமும் இந்த வித்தியாசத்தைக் காட்டும்தான், ஆனா நாலு நாள் கழிச்சு அது உடம்புல இருக்காது. இவ்வளவு டோஸ் போறப்ப இந்த டெஸ்ட்டை அடிக்கடி பாத்தே ஆகணும்னு நான் அழுத்திச் சொல்வேன்.

வைத்தியம்னா முதல்ல அந்த டிரிப்ஸை நிறுத்தணும். சும்மா நிறுத்தினா குடி விட்ட உடம்புல திரும்ப வலிப்பு வரும், அதனால மிடசோலாம், புரோப்போஃபால் மாதிரி இந்தத் திரவம் இல்லாத தூக்க மருந்துக்கு மாத்துவாங்க. கிட்னி நல்லா இருந்தா ரத்தத்துல இருக்கிற திரவம் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சிடும், உங்க தம்பிக்கு அது நடக்காததாலதான் டயாலிசிஸ் கேக்கறாங்க. சின்ன மூலக்கூறு, புரதத்தோட ஒட்டாது, டயாலிசிஸ்ல நல்லாவே வெளிய வந்துடும், தயங்காம சம்மதிங்க. ஆயுசுக்கும் டயாலிசிஸான்னு பயப்படாதீங்க, திரவத்தை நிறுத்தினா பெரும்பாலும் கிட்னி தேறிடும்.

இன்னைக்கே டாக்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க, வலிப்புக்கு ஃபெனிட்டாயின் ஊசியும் போகுதான்னு. அதுலயும் 40 சதவீதம் இதே திரவம்தான், வலிப்புக்கே குடுக்கிற இன்னொரு மருந்தான லெவெட்டிராசிட்டாம் ஊசில கிடையாது.